மருந்தா, மூச்சுத்திணறலா? ஜீப்ரா மீன் கருவில் நடக்கும் மருந்துச் சோதனையில் ஆக்சிஜன் ஏன் முக்கியம்?

கடுகைவிடச் சின்ன மீன் கரு ஒன்று. பிளாஸ்டிக் தட்டில் இருக்கும் ஒரு குட்டிக் குழிக்குள் அதைப் போட்டு, சில சொட்டு மருந்துக் கரைசலை ஊற்றுகிறார்கள். மூன்று, நான்கு நாள் கழித்துப் பார்த்தால், அந்த மருந்து இதயத்தைப் பாதிக்குமா, வளரும் கருவைச் சிதைக்குமா என்று ஓரளவு தெரிந்துவிடும். உலகம் முழுக்க பல மருந்து ஆய்வகங்களில் இது இப்போது அன்றாட வேலை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குழிக்குள் இருக்கும் கரு துவண்டு போனால், அதற்குக் காரணம் மருந்தா? இல்லை, அந்தச் சின்னக் குழியில் சுவாசிக்க ஆக்சிஜன் போதவில்லையா? வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும்.

இதைச் சரிசெய்யத்தான் அடிப்பக்கம் வழியாகவும் காற்று உள்ளே போகக்கூடிய வளர்ப்புத் தட்டுகள் வந்திருக்கின்றன. தட்டை மாற்றினால் மருந்துச் சோதனையின் முடிவே மாறுமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் இப்போது இது முக்கியம்?

புதிய மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன் விலங்குகளிடம் சோதிக்க வேண்டும் என்பதுதான் பல பத்தாண்டுகளாக இருந்த நடைமுறை. அமெரிக்காவில் 1938-ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தே இது தொடங்குகிறது.

2022 டிசம்பரில் அங்கே 'எஃப்டிஏ மாடர்னைசேஷன் ஆக்ட் 2.0' என்ற சட்டம் கையெழுத்தானது. விலங்குச் சோதனை நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அது நீக்கியது. செல் வளர்ப்பு, சிப் மீது வளர்க்கும் குட்டி உறுப்புகள், கணினி மாதிரிகள் போன்ற வழிகளில் கிடைக்கும் தரவுகளையும் கொடுக்கலாம் என்றது. விலங்குச் சோதனைக்குத் தடை எதுவும் போடவில்லை, கட்டாயம் மட்டும்தான் போனது. 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, மோனோகுளோனல் ஆன்டிபாடி வகை மருந்துகளில் தொடங்கி விலங்குச் சோதனைகளைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

இந்தியாவும் 2023 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளைத் திருத்தி, விலங்கு அல்லாத முறைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

ஜீப்ரா மீன் கரு இதில் நடுவில் நிற்கிறது. அது வெறும் செல் இல்லை; துடிக்கும் இதயம், மூளை, கல்லீரல் என்று எல்லாம் உருவாகிற முழு உயிர். அதே நேரம், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ம் ஆண்டு விதிகளின்படி, தானாக இரை தேடிச் சாப்பிடத் தொடங்கும் வரை அது பாதுகாக்கப்பட்ட ஆய்வு விலங்குக் கணக்கில் வராது. ஜீப்ரா மீனுக்கு இது கருவுற்றதில் இருந்து சுமார் 5 நாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எலி, நாய், குரங்கு மேல் நடக்கும் சோதனை குறையக் குறைய, இப்படிப்பட்ட சின்னச் சோதனைகள் மேல் விழும் பாரம் கூடும். அதனால்தான் அந்தச் சோதனை எவ்வளவு நம்பகமானது என்ற கேள்வி பெரிதாகிறது.

யார் இந்த ஜீப்ரா மீன்?

உடம்பில் நீளவாக்கில் நீலக் கோடுகள் ஓடும் குட்டி மீன். வளர்ந்தாலும் 3, 4 சென்டிமீட்டர்தான். வீட்டுத் தொட்டியில் மீன் வளர்ப்பவர்களுக்கு 'ஜீப்ரா டானியோ' என்றால் தெரியும். சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய வகைதான்.

இதன் சொந்த ஊரே நம் பக்கம்தான். இந்தியா, வங்கதேசம், நேபாளத்தின் ஓடைகளிலும் வயல் ஓரத் தண்ணீரிலும் வாழும் மீன் இது. கங்கை நதியின் மீன்களைப் பற்றி எழுதிய ஃபிரான்சிஸ் ஹாமில்டன், 1822-ல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

இதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த பெருமை அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கருக்குச் சேரும். 1981-ல் வெளியான அவருடைய ஆய்வுக்குப் பிறகு, மரபணு ஆய்வில் இந்த மீனுக்குத் தனி இடம் கிடைத்தது. 2009-ல் டெல்லியில் உள்ள ஐஜிஐபி நிறுவனம், இயற்கையில் வாழும் ஜீப்ரா மீனின் மரபணுத் தொகுப்பைப் படித்து முடித்ததாக அறிவித்தது. 2013-ல் முழுமையான மரபணு வரைபடம் வெளியானது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்த மீனிடம் குறைந்தது ஒரு இணை மரபணுவாவது இருப்பது அதில் தெரியவந்தது.

எலி போதாதா? ஏன் மீன் கரு?

முதல் காரணம் வேகம். எலி கருவுற்றுக் குட்டி போட சுமார் 3 வாரம் ஆகும். ஜீப்ரா மீன் கருவில் ஒரே நாளில் உடலின் அடிப்படை அமைப்பு வந்துவிடும். 24 மணி நேரத்தை ஒட்டி இதயம் துடிக்கத் தொடங்கும். 2, 3 நாளில் முட்டையில் இருந்து வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, கண்ணாடி மாதிரியான உடல். கரு தாயின் வயிற்றுக்குள் இல்லை, தண்ணீரில் வளர்கிறது. உடலும் ஒளிபுகும் தன்மை கொண்டது. அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பதும் ரத்தம் ஓடுவதும் நேரடியாகத் தெரியும்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒரு ஜோடி மீன் ஒரே தடவையில் 200-க்கும் மேல் முட்டை போடும். காலையில் விளக்கைப் போட்டதும் முட்டையிடும் பழக்கம் உள்ளதால், ஒரே வயதுக் கருக்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகக் கிடைக்கும். புதிதாகத் தயாரித்த வேதிப்பொருள் மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கிறது என்றாலும் சோதித்துப் பார்க்கலாம்.

இந்தச் சோதனைகளின் பின்னால் ஒரு பெரிய சோகமும் இருக்கிறது. 1950-களின் கடைசியில் கர்ப்பிணிகளுக்கு வாந்தி, குமட்டலுக்காகக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு மருந்தால், 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்தார்கள். எலிகள் இந்த மருந்துக்குப் பெரிதாக அசைந்து கொடுக்காத இனம். அது எப்படிக் கருவைத் தாக்குகிறது என்பதற்கான முக்கியமான விடை 2010-ல்தான் வந்தது. உடலில் 'செரிப்ளான்' என்ற புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதை ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதை உறுதிசெய்ய உதவியது ஜீப்ரா மீன் கருவும் கோழிக் கருவும்தான்.

தட்டுக்குள் என்ன நடக்கிறது?

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டு. அதில் 8 வரிசை, 12 நிரை என்று 96 குழிகள். குழிப் பணியாரச் சட்டியை மிகச் சிறிதாக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். ஆய்வகங்களில் இதை 'வெல் பிளேட்' என்பார்கள்.

நன்றாகக் கருவுற்ற முட்டைகளைத் தேர்ந்தெடுத்து, குழிக்கு ஒன்று, இரண்டு என்று போடுவார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு மருந்து, அல்லது ஒரே மருந்தின் வெவ்வேறு அளவு. சில குழிகளில் மருந்தே இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் 'கன்ட்ரோல்' குழிகள் அவை. பிறகு சுமார் 28 டிகிரி வெப்பத்தில் வைத்து, நாளுக்கு ஒரு தடவையாவது கேமரா மூலம் பார்ப்பார்கள்.

2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் ராண்டல் பீட்டர்சன் குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களை இந்த முறையில் சோதித்துக் காட்டியது. அதன் பிறகு இது வேகம் பிடித்தது.

ஆக்சிஜன் எங்கே இடிக்கிறது?

இந்த வயதில் கருவுக்குச் செவுள் வேலை செய்யாது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தோல் வழியாக நேராக உடலுக்குள் போகும். இதயமே துடிக்காத மரபணுக் குறை உள்ள கருக்கள்கூட சில நாள் உயிரோடு இருப்பது இதனால்தான். இதய ஆய்வுக்கு இந்த மீன் மிகவும் கைகொடுப்பதற்கும் இதுவே காரணம்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. கருவின் மூச்சு முழுக்க அதைச் சுற்றி இருக்கும் அந்தச் சில சொட்டுத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு ஒப்பிட்டால், 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் இருப்பது முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதோடு, தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவானது. கலக்காமல் அசையாமல் இருக்கும் தண்ணீரில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஆக்சிஜன் பரவ அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும்.

சாதாரணத் தட்டுகள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதன் வழியாக ஆக்சிஜன் மிகக் குறைவாகத்தான் போகும். ஆக, மேல்பரப்பு ஒன்றுதான் வழி. கருவோ குழியின் அடியில் கிடக்கும்.

அந்த மேல்பரப்பையும் திறந்தே வைக்க முடியாது. தண்ணீர் ஆவியாகிவிடும். ஓரத்துக் குழிகளில் இது இன்னும் அதிகம். தண்ணீர் குறைந்தால் மருந்தின் அடர்த்தி கூடும், கணக்கே மாறிவிடும். அதனால் மேலே ஒட்டுத்தாள் போட்டு மூடுகிறார்கள். ஆவியாதல் நிற்கிறது, ஆனா மூச்சும் அடைபடுகிறது.

நாள் ஆக ஆக நிலைமை இறுகும். கரு வளர்ந்து, பொரிந்து, நீந்தத் தொடங்கும்போது ஆக்சிஜன் தேவை கூடும். குழிக்குள் பாக்டீரியா பெருகினால் அதுவும் பங்குக்கு வரும்.

மூச்சு குறைந்தால் கரு என்ன செய்யும்?

ஜீப்ரா மீன் கரு உடனே செத்துவிடாது. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறு வயதுக் கருக்களை ஆக்சிஜனே இல்லாத சூழலில் 24 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். அவை வளர்ச்சியை அப்படியே நிறுத்திக்கொண்டன. இதயத் துடிப்பு உட்பட எல்லாம் நின்றது. ஆக்சிஜனைத் திரும்பக் கொடுத்ததும் மறுபடி வளரத் தொடங்கின.

இயற்கையில் இது அந்த மீனுக்குக் கிடைத்த வரம். ஆனால் மருந்துச் சோதனையில் இதுவே பொறி.

வளர்ச்சி தாமதம், மெதுவான இதயத் துடிப்பு, அசைவு குறைவது... மருந்து நச்சாக இருக்கிறதா என்று பார்க்கும்போது தேடுகிற அறிகுறிகளும் இவைதான். முழுதாக ஆக்சிஜன் தீர வேண்டியதில்லை. குறைந்தாலே இந்த மாற்றங்கள் தலைகாட்டலாம்.

விளைவு இரண்டு பக்கமும் போகலாம். நல்ல மருந்து ஒன்று 'நச்சு' என்று முத்திரை குத்தப்பட்டு முதல் கட்டத்திலேயே குப்பைக்குப் போகலாம். அல்லது எல்லாக் கருக்களுமே சோர்ந்து கிடப்பதால், மருந்தின் உண்மையான பாதிப்பு கண்ணில் படாமல் தப்பலாம்.

கன்ட்ரோல் குழி இருக்கிறதே, அது காட்டிக்கொடுக்காதா?

நியாயமான கேள்வி. மருந்து இல்லாத குழிக்கும் அதே மூடி, அதே தட்டு. ஆக்சிஜன் குறைந்தால் இரண்டிலும்தானே குறையும்?

எப்போதும் அப்படி இல்லை. ஒரு மருந்து கருவின் உடல் எரிசக்தியைச் செலவிடும் வேகத்தைக் கூட்டினால், அந்தக் குழியில் மட்டும் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். ஒரு கரு செத்து அழுகினால், அதே குழியில் இருக்கும் மற்ற கருவும் தவிக்கும். ஓரத்துக் குழியும் நடுக் குழியும் ஒன்று போல இருக்காது. இதைவிட முக்கியம், ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் கரு, மருந்தையும் சேர்த்துத் தாங்கும் திறன் இழந்திருக்கலாம். அப்போது தெரியும் பாதிப்பு மருந்தால் மட்டும் வந்ததில்லை.

இதை ஒழுங்குமுறை அமைப்புகளும் கவனிக்காமல் இல்லை. வேதிப்பொருள்களின் நச்சுத்தன்மையை மீன் கருவில் சோதிக்க ஓஇசிடி அமைப்பு 2013-ல் 236-ம் எண் வழிகாட்டுதலை வெளியிட்டது. 96 மணி நேரம் நடக்கும் அந்தச் சோதனையின் முடிவில், கன்ட்ரோலிலும் மிக அதிக அளவு வேதிப்பொருள் உள்ள கரைசலிலும் ஆக்சிஜன், தண்ணீர் தாங்கக்கூடிய முழு அளவில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனை செல்லாது. அது சுற்றுச்சூழல் நச்சுக்கான விதி. அதில் 24 பெரிய குழிகள் கொண்ட தட்டில், குழிக்கு 2 மில்லி தண்ணீர் விடுகிறார்கள். மருந்து வடிகட்டலில் பெரும்பாலும் பயன்படும் 96 குழித் தட்டில் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

ஆக்சிஜன் ஊடுருவும் தட்டு எப்படி வேலை செய்கிறது?

கான்டாக்ட் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது; காற்றில் இருந்துதான் ஆக்சிஜன் கிடைக்கிறது. அதனால்தான் சிலிகான் கலந்த லென்ஸ்கள் வந்தன. லென்ஸ் போட்டிருந்தாலும், அதன் வழியாக ஆக்சிஜன் உள்ளே போகும்.

இங்கேயும் அதே யோசனைதான். குழியின் அடியில் கெட்டி பிளாஸ்டிக்குக்குப் பதிலாக மெல்லிய சிலிகான் போன்ற படலம் இருக்கும். தண்ணீர் ஒழுகாது, வாயு மட்டும் போய்வரும். ஒரே தடிமனில் பாலிஸ்டைரீனைவிட நூறு மடங்குக்கும் மேல் ஆக்சிஜனை சிலிகான் கடத்தும். கரு படுத்திருக்கும் இடத்திலேயே, அடியில் இருந்தே ஆக்சிஜன் கிடைக்கிறது. மேலே மூடினாலும் மூச்சு முட்டாது.

இன்னொரு வசதியும் உண்டு. கதவு இரண்டு பக்கமும் திறக்கும். தட்டை ஆக்சிஜன் குறைந்த பெட்டிக்குள் வைத்தால், குழிக்குள்ளும் அது சீக்கிரம் குறையும். ரத்த ஓட்டம் தடைபடும் நோய்களில் உடல் எப்படித் தவிக்கிறது என்று படிப்பவர்களுக்கு, ஆக்சிஜன் அளவைத் தாங்களே கூட்டிக் குறைக்கும் வாய்ப்பு இதில் கிடைக்கிறது. தற்செயலாக நடந்த குறைபாடு, திட்டமிட்ட சோதனையாக மாறுகிறது.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா?

தீரவில்லை. சிலிகான் ஒரு பஞ்சு மாதிரி. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாத, எண்ணெய்த்தன்மை உள்ள சிறு மூலக்கூறுகளை அது உறிஞ்சிக்கொள்ளும். மருந்துகளில் பல இந்த வகைதான். அப்போது குழிக்குள் 10 பங்கு மருந்து போட்டதாக எழுதி வைத்திருப்பார்கள். தண்ணீரில் இருப்பதோ அதைவிடக் குறைவாக இருக்கும். ஆபத்தான மருந்து 'பாதுகாப்பானது' என்று பெயர் வாங்கிவிட வாய்ப்பு உண்டு.

நீராவியும் சிலிகான் வழியாகப் போகும் என்பதால், சுற்றிலும் ஈரப்பதத்தைக் கவனிக்க வேண்டும். பாலிமெத்தில்பென்டீன், ஃப்ளூரின் கலந்த படலங்கள் போன்றவை மருந்தை உறிஞ்சுவது குறைவு. ஆனால் சிலிகான் அளவுக்கு ஆக்சிஜனை விடாது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது. எந்த மருந்துக்கு எந்தத் தட்டு என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மீன் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

2003-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் செய்த சோதனை நல்ல உதாரணம். மனிதர்களின் இதய மின்னோட்டத்தைக் குழப்பும் என்று ஏற்கெனவே தெரிந்த 23 மருந்துகளில் 18-ஐ ஜீப்ரா மீன் கரு சரியாகக் காட்டிக்கொடுத்தது. அவற்றால் இதயத் துடிப்பு மெதுவானது. மீதி 5-ல் 4 மருந்துகள் தப்பியது ஏன் என்று தோண்டினால், அவை கருவுக்குள் போகவே இல்லை! மீன் தவறு செய்யவில்லை. மருந்து போய்ச் சேரவில்லை.

மெதுவான இதயத் துடிப்பு. ஆக்சிஜன் குறைந்தாலும் அதேதான் நடக்கும் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டும்.

வெற்றிக் கதைகளும் இருக்கின்றன. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோயான டிராவே சிண்ட்ரோமுக்கு, அதே மரபணுக் கோளாறு உள்ள ஜீப்ரா மீன்களை வைத்து 320 பொருள்களை 2013-ல் சோதித்தார்கள். அதில் கிளெமிசோல் என்ற பழைய அலர்ஜி மருந்து வலிப்பை அடக்கியது. அது இப்போது மனிதர்களிடம் சோதனை வரை வந்திருக்கிறது. ரத்த ஸ்டெம் செல்களைப் பெருக்கும் ஒரு பொருளை 2007-ல் இதே மீனை வைத்துக் கண்டுபிடித்து மனிதச் சோதனைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அது சந்தைக்கு வரவில்லை.

எல்லைகளும் தெளிவு. மீனுக்கு நுரையீரல் இல்லை, நஞ்சுக்கொடி இல்லை. அது வளர்வது 28 டிகிரியில், மனித உடல் 37 டிகிரியில். மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பதும் மாத்திரையாக விழுங்குவதும் ஒன்றல்ல. அதனால் இது கடைசித் தீர்ப்பு இல்லை, முதல் சல்லடை. ஆயிரம் பொருள்களில் எந்தப் பத்தை மேலே கொண்டுபோகலாம் என்று சொல்லும் சல்லடை.

சாமானிய மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

மனிதர்களிடம் சோதனைக்கு வரும் 10 மருந்துகளில் ஏறத்தாழ 9, கடைக்கு வராமலேயே தோற்றுப்போகின்றன. முதல் சல்லடை சரியாக இருந்தால், தோற்கப்போகிற மருந்தை முன்கூட்டியே நிறுத்தலாம். சோதனைக்கு உடன்படும் நோயாளிகள் வீணாக ஆபத்தைச் சந்திக்க வேண்டாம். சல்லடையே ஓட்டையாக இருந்தால், தேவைப்படும் மருந்து வராமலே போகும். அந்த இழப்பு யார் கணக்கிலும் வராது. எது வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாதே.

அதனால் 'ஜீப்ரா மீன் கருவில் சோதித்து வெற்றி' என்று அடுத்த முறை செய்தி வந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

- குழிக்குள் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று அளந்தார்களா, இல்லை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்களா?
- மருந்து தண்ணீரில் இருந்ததா, தட்டிலேயே ஒட்டிக்கொண்டதா? கருவுக்குள் போய்ச் சேர்ந்ததா?
- மீனுக்குப் பிறகு வேறு எந்த உயிரினத்திலாவது, மனித செல்களிலாவது அதே முடிவு வந்ததா?

மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தச் செய்தியை நம்பிப் படிக்கலாம். இல்லை என்றால், அந்தக் கரு துவண்டது மருந்தாலா, மூச்சு முட்டியதாலா என்பது இன்னும் முடிவாகவில்லை என்றே அர்த்தம்.